பெயரைச் சொன்னவர் யார்? பீனியா பணிமனை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பெங்களூரின் வடமேற்கில் உள்ள பீனியா தொழிற்பேட்டையில், உலோக உதிரிபாகங்களை ஜாப் ஒர்க் முறையில், அதாவது பிறர் தரும் வேலையைக் கூலிக்குச் செய்யும் முறையில், கடைந்து கொடுக்கும் ஒரு சிறு பணிமனையைப் பற்றியது இந்த ஆய்வு. வருமானத்தில் பாதிக்கும் மேற்பட்டதை ஒரே வாடிக்கையாளரிடமிருந்து பெற்றுவந்த பணிமனை இது. அந்த வாடிக்கையாளர் புதிய இயந்திரங்களை வாங்கி அந்த வேலையைத் தம் ஆலைக்குள்ளேயே எடுத்துக்கொண்டபோது, ஒரே காலாண்டில் இங்கே பாதி வேலை நின்றுபோனது. அதன் பிறகு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் உரிமையாளர் வேறு வாடிக்கையாளர்களைப் பெற்றார். அவர்கள் ஒவ்வொருவரும் எந்த மனிதர் வழியாக, என்ன காரணத்தால் இந்தப் பணிமனையின் கதவுக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதே இங்கே ஆராயப்படுகிறது.

உரிமையாளரின் பெயரும் வாடிக்கையாளர்களின் பெயர்களும் இங்கே தரப்படவில்லை. இந்த உறவுகள் இன்றும் நடப்பில் இருப்பவை. யார் யாருக்கு வேலை அனுப்புகிறார் என்பது வெளியே தெரிந்தால், அதனாலேயே சில வேலைகள் கைமாறிப் போகக்கூடும்.

ஆய்வு முறை எளியது. விற்பனைப் பதிவேட்டில் புதிதாக இடம்பெற்ற ஒவ்வொரு பெயருக்கும், "உங்கள் பெயரை இவரிடம் முதலில் சொன்னவர் யார்?" என்று உரிமையாளரிடம் கேட்டேன். இயன்ற இடங்களில் அந்த வாடிக்கையாளரின் கொள்முதல் அலுவலரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். இருவரும் சொன்ன விடைகள் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. கண்காட்சியில் சந்தித்ததால் வந்தவர் என்று உரிமையாளர் நம்பிய ஒருவர், கண்காட்சிக்குப் பல வாரங்களுக்கு முன்பே ஒரு கருவி விற்பனையாளரிடமிருந்து இவர் பெயரைக் கேட்டுக் குறித்துவைத்திருந்தார். அந்தப் பெயரை அட்டையில் பார்த்ததும் நின்று பேசியிருக்கிறார். சிறுதொழில் செய்வோர் எந்தத் தொடர்புக்கு எவ்வளவு நேரம் செலவிடுவது என்று தீர்மானிக்கும்போது, இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுப்பதே இல்லை. கைகுலுக்கிய இடம் நினைவில் நிற்கிறது. முதுகுக்குப் பின்னால் நல்ல வார்த்தை சொல்லப்பட்ட இடம் நமக்குத் தெரியாமலே போய்விடுகிறது.

இடமும் தொழிலும்

பெங்களூரின் இயந்திரத் தொழில் பொதுத்துறை ஆலைகளின் நிழலில் வளர்ந்தது. 1940இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட், 1948இல் இந்தியன் டெலிபோன் இண்டஸ்ட்ரீஸ், 1953இல் ஹெச்எம்டி, 1954இல் பாரத் எலக்ட்ரானிக்ஸ் ஆகியவை இங்கே அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டன. இவற்றில் கடைசி இரண்டும் பீனியாவை ஒட்டிய ஜாலஹள்ளியில் அமைந்தன. அவற்றின் டூல் ரூம்களிலும் (கருவிகளும் அச்சுகளும் செய்யும் பிரிவுகள்) பயிற்சிப் பள்ளிகளிலும் கை பழகிய ஃபிட்டர்களும் டர்னர்களும் பின்னர் ஒரு லேத் (கடைசல் இயந்திரம்), ஒரு டிரில்லிங் இயந்திரம் என்று வைத்துக்கொண்டு தனியே தொழில் தொடங்கினார்கள். அவர்களிடம் வேலை கற்றவர்கள் அடுத்த தலைமுறைப் பணிமனைகளைத் திறந்தார்கள்.

இந்தத் தொழிலில் ஒரு பாகம் ஒரே கூரையின்கீழ் முடிவது அரிது. உருளைக் கம்பி ஓரிடத்தில் அறுக்கப்பட்டு, இன்னோரிடத்தில் கணினி இயக்கும் சிஎன்சி லேத்தில் கடையப்பட்டு, விஎம்சி என்ற செதுக்கும் இயந்திரத்தில் மில்லிங் செய்யப்பட்டு, சூடேற்றிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் போய்த் திரும்பி, சாணை பிடிக்கும் கிரைண்டிங் முடிந்து, பூச்சுப் போடும் பிளேட்டிங்குக்குப் போய், கடைசியில் அளவுச் சோதனைக்கு வருகிறது. டெலிவரி சலானுடன் டெம்போவில் ஏறி இறங்கும் ஒவ்வொரு தட்டுப் பாகமும் நான்கைந்து பணிமனைகளைத் தொட்டுவிட்டே வாடிக்கையாளரிடம் செல்கிறது. ஆகவே இங்கே தொழில் தொடர்பு என்பது தனியாகக் கூட்டம் கூட்டி உண்டாக்க வேண்டிய ஒன்றாக இல்லை. அது ஏற்கெனவே இருக்கிறது. அதில் தம் பெயர் எப்படிப் பேசப்படுகிறது என்பதைத்தான் பல உரிமையாளர்கள் கவனிப்பதில்லை.

சொந்தக்காரர் வட்டம்

உரிமையாளர் தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்தவர். பாலிடெக்னிக் முடித்து பீனியாவில் ஒரு டூல் ரூமில் வேலை செய்து, மைத்துனர் கொடுத்த பணத்தையும் சீட்டுப் பணத்தையும் சேர்த்துப் பழைய லேத் ஒன்றை வாங்கித் தொழில் தொடங்கியவர். இப்போது இரண்டு விஎம்சி, ஒரு சிஎன்சி லேத் வைத்திருக்கிறார். கணக்கு வழக்குகளை மனைவி பார்த்துக்கொள்கிறார். இயந்திரம் ஓட்டுபவர்களில் மூவர் அவருடைய ஊர்ப்பக்கத்துப் பிள்ளைகள். அல்சூர் ஏரிக்கரையில் உள்ள பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தின் விழாக்களுக்குக் குடும்பத்தோடு போய்வருபவர்.

வேலை நின்றதும் அவர் முதலில் போய் நின்றது இந்த வட்டத்தின் முன்புதான். "நம்ம ஆளுங்ககிட்ட சொல்லி வைக்கிறேன் தம்பி" என்று பெரியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பலர் உண்மையாகவே சொல்லியும் வைத்தார்கள். ஆனால் பதிவேட்டில் இந்த வழியாக வந்த புதிய வாடிக்கையாளர் ஒருவரே. காரணம் மனக்குறைவு அன்று. அந்த வட்டத்தில் இயந்திரத் தொழில் செய்பவர்கள் எல்லோரும் இவரைப் போலவே சிறிய விஎம்சி வைத்து இவர் செய்யும் அதே வேலையைச் செய்பவர்கள். இவருக்குத் தெரிந்த கொள்முதல் அலுவலர்களே அவர்களுக்கும் தெரியும். புதிய செய்தி வெளியிலிருந்து உள்ளே வருவதற்கு வழி இல்லாத வட்டத்தில், எவ்வளவு அன்பு இருந்தாலும் அது புதிய வாடிக்கையாளராக மாறாது.

இதைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் வெளியிட்ட கட்டுரையில் தெளிவாக எடுத்துக்காட்டினார். பாஸ்டன் நகரை ஒட்டிய பகுதியில், அறிந்தவர் மூலம் வேலை மாறியவர்களை அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திக்கும் நெருங்கியவரால் வேலை கிடைத்தது என்றவர்கள் 16.7 விழுக்காடு மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர் வழியாகக் கிடைத்தது என்றவர்கள் 55.6 விழுக்காடு; மிக அரிதாகச் சந்திப்பவர் வழியாக என்றவர்கள் 27.8 விழுக்காடு. அது வேலை தேடுவோரைப் பற்றிய சிறிய ஆய்வுதான். பீனியாவின் ஜாப் ஒர்க்குக்கு அதை அப்படியே பொருத்திவிட முடியாது. ஆயினும் அதன் காரணம் இங்கும் பொருந்துகிறது. நெருங்கியவர் அறிந்ததை நாமும் அறிந்திருக்கிறோம். சற்றுத் தள்ளி இருப்பவரே நாம் அறியாததை அறிந்திருக்கிறார்.

ஆனால் இதைப் படித்துவிட்டுச் சொந்தக்காரர் வட்டத்தைக் குறைத்து மதிப்பிடுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. வேலை குறைந்த மாதங்களில் இயந்திரக் கடனின் தவணை தவறாமல் கட்டப்பட்டதற்கு மைத்துனரின் பணமே காரணம். பிணையும் வட்டியும் கேட்காமல் அந்தப் பணத்தை வேறு எவரும் கொடுத்திருக்க மாட்டார்கள். ஊர்ப் பிள்ளைகள் சம்பளம் தள்ளிப்போன மாதத்திலும் வேறிடம் போகாமல் நின்றார்கள். பணிமனை தாக்குப்பிடித்ததற்கு இந்த வட்டமே ஆதாரம். வாடிக்கையாளரை இவர்களிடமிருந்து எதிர்பார்த்ததுதான் பொருந்தாத எதிர்பார்ப்பு.

இவர்கள் வழியாக வந்த அந்த ஒரு வாடிக்கையாளரும் நிலைக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அவர் ஒசூரைச் சேர்ந்தவர். பீனியாவோ நகரின் எதிர்க்கோடியில் இருக்கிறது. டெம்போ ஒருமுறை போய்வர ஒரு பகலே கழிந்துவிடும். மாநில எல்லையைத் தாண்டி ஜாப் ஒர்க்குக்குச் செல்லும் சரக்குக்கு அதன் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும் இ-வே பில் என்ற ஜிஎஸ்டி போக்குவரத்துச் சீட்டு எடுத்தாக வேண்டும். சிறு சிறு லாட்டாக (தொகுதியாக) வரும் வேலையில் இந்தச் செலவும் கவனமும் விலைக்குள் அடங்கவில்லை. உறவின் பொருட்டுச் சில மாதங்கள் செய்துவிட்டு, இருவரும் பேசி மனக்கசப்பின்றி நிறுத்திக்கொண்டார்கள்.

வாராந்திரக் குழு

அடுத்து அவர் ஒரு வாராந்திரப் பரிந்துரைக் குழுவில் சேர்ந்தார். ஒரு தொழிலுக்கு ஒருவர் மட்டும் உறுப்பினர், வாரம் ஒருநாள் அதிகாலையில் கூட்டம், ஒருவர் மற்றவருக்கு வாடிக்கையாளரைப் பரிந்துரைப்பது என்ற இந்த வடிவம், 1985இல் அமெரிக்காவில் ஐவன் மிஸ்னர் தொடங்கிய பிஎன்ஐ என்ற அமைப்பின் வழியாக உலகெங்கும் பரவியது. இன்று இதே வடிவில் வேறு குழுக்களும் இருக்கின்றன. இவர் சேர்ந்தது எது என்பது இந்த ஆய்வுக்குப் பொருட்டன்று.

குழுவில் காப்பீட்டு முகவர், வீட்டு உள்அலங்காரம் செய்பவர், கேட்டரிங் நடத்துபவர், ஆடிட்டர், மனை விற்பவர், பல் மருத்துவர் ஆகியோர் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் வீட்டுத் தேவைகளையும் அலுவலகத் தேவைகளையும் நிறைவு செய்துகொள்ள இது மிகவும் பொருத்தமான கூட்டம். இவருக்கு வந்த பரிந்துரைகளோ கதவுக் கீல், படிக்கட்டுக் கைப்பிடி, பழுதான மாவு அரவை இயந்திரத்தின் தண்டு போன்றவை. பரிந்துரைத்தவர்கள் நல்லெண்ணத்தோடுதான் அனுப்பினார்கள். நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் துல்லியத்தில் மாதாமாதம் சில நூறு பாகங்கள் வாங்கும் ஒருவரை அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? அவரைச் சந்தித்தால்கூட, "எனக்குத் தெரிந்த ஒருவர் லேத் வைத்திருக்கிறார்" என்பதற்கு மேல் அவர்களால் என்ன சொல்லியிருக்க முடியும்?

இந்தக் குழு அவருக்கு வேறு இரண்டு நன்மைகளைச் செய்தது. வாரந்தோறும் ஒரு நிமிடத்தில் தம் தொழிலைச் சொல்ல வேண்டியிருந்ததால், "எல்லா மெஷினிங் வேலையும் செய்வோம்" என்ற வழக்கமான வாக்கியத்தை அவர் கைவிட நேர்ந்தது. எல்லாம் செய்வேன் என்பவரைப் பற்றி எவராலும் எவரிடமும் எதையும் சொல்ல முடியாது. சில மாதங்களில் அது, "கையளவுள்ள எஃகுப் பாகங்கள், ஐம்பதிலிருந்து ஐந்நூறு வரையான லாட், ஹீட் ட்ரீட்மென்ட்டுக்குப் பிறகும் அளவு மாறாமல் தருவோம்" என்று ஆனது. இந்த வாக்கியம் பின்னர் வேறு இடங்களில் அவர் பெயரோடு சேர்ந்தே பயணம் செய்தது. மற்றொரு நன்மை அந்த ஆடிட்டர். அவரைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

தெருவில் சொல்லப்பட்ட பெயர்

புதிய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் வந்தது, உரிமையாளர் தொடர்பு என்றே கருதியிராத மனிதர்கள் வழியாக. அவர்களில் மூவரை விரிவாகப் பார்ப்பது தகும்.

முதலாமவர், உலோகத்தை வெட்டும் மாற்று முனையான கார்பைடு இன்சர்ட் விற்கும் ஒரு பிரதிநிதி. எந்தப் பணிமனை எந்த வகை இன்சர்ட்டை எவ்வளவு வாங்குகிறது என்பதிலிருந்தே, அங்கே எந்த உலோகம் வெட்டப்படுகிறது, யாரிடம் வேலை குவிந்திருக்கிறது, யாருடைய ஸ்பிண்டில் சும்மா நிற்கிறது என்பது அவருக்குத் தெரிந்துவிடும். புதிய இன்சர்ட் வந்தால் சோதனைக்கு ஒன்றிரண்டு கொடுத்துவிட்டுப் போவார். பல பணிமனைகளில் அதைச் சாதாரண வேலையில் போட்டுத் தீர்த்துவிட்டு, "நல்லாத்தான் இருந்துச்சு சார்" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். இந்த உரிமையாளர் ஒரு முனைக்கு எத்தனை பாகங்கள் வந்தன, எந்த வேகத்தில், எந்த உலோகத்தில், முனை தேய்ந்ததா உடைந்ததா என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். அந்தப் பிரதிநிதிக்குத் தம் மேலாளரிடம் காட்ட ஒரு சான்று கிடைத்தது. அவர் அதே தாளை, துருப்பிடிக்கா எஃகுப் பாகங்களில் தொல்லைப்பட்டுக்கொண்டிருந்த ஒரு பம்ப் தயாரிப்பாளரிடம் காட்டினார். அந்தப் பம்ப் தயாரிப்பாளர் இன்று இந்தப் பணிமனையின் முதல் இரண்டு வாடிக்கையாளர்களில் ஒருவர். உரிமையாளர் தாளை எழுதியபோது பம்ப் தயாரிப்பாளர் ஒருவர் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டாமவர் ஹீட் ட்ரீட்மென்ட் பணிமனையின் முதியவர், கன்னடக்காரர். எஃகைச் சூடேற்றிக் குளிர்விக்கும்போது பாகம் சற்று வளையும், அளவு மாறும். அது அந்தச் செயல்முறையின் இயல்பு. கடைந்தவர் கிரைண்டிங்குக்குப் போதிய அளவு விடாமல் அனுப்பியிருந்தால் பாகம் கழிவாகிவிடும். அப்போது வாடிக்கையாளர் முன் குற்றம் சாட்டப்படுபவர் பெரும்பாலும் ஹீட் ட்ரீட்மென்ட்காரர்தான். இவரோ புதிய டிராயிங் ஒன்று வந்தால், கடைவதற்கு முன்பே அதை எடுத்துக்கொண்டு முதியவரிடம் போய் உட்கார்ந்துவிடுவார். இந்தத் தண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட முடியுமா, அதற்கு முனையில் ஒரு மரை துளைத்துத் தரட்டுமா, இந்தக் கூர்மூலையில் விரிசல் விடுமா, முரட்டுக் கடைசலுக்குப் பிறகு ஒருமுறை ஸ்ட்ரெஸ் ரிலீவ் (உள்இறுக்கத்தைத் தளர்த்தும் சூடேற்றம்) செய்துகொண்டால் வளைவு குறையுமா என்று கேட்பார். சலானில் எஃகின் தரம், வேண்டிய கடினம், கேஸ் ஆழம் (மேற்பரப்பில் கடினமாகும் அடுக்கின் ஆழம்) மூன்றையும் எழுதியே அனுப்புவார். இந்த மூன்றும் இல்லாமல் மூட்டை மூட்டையாகப் பாகங்கள் வந்து இறங்கும் ஒரு தொழிலில், இது முதியவருக்கு எத்தகைய நிம்மதி என்பதை அங்கே ஒரு பகல் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள்.

பற்சக்கரத் தண்டுகள் மீண்டும் மீண்டும் வளைந்ததால் கோபத்தோடு வந்த ஒரு வாடிக்கையாளரிடம், சிக்கல் உலையில் இல்லை, கடையும் முறையில் இருக்கிறது என்று முதியவர் விளக்கி, இந்தப் பணிமனைக்குப் போய்ப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தார். தம்மைக் காத்துக்கொள்ளவும் அது அவருக்குத் தேவைப்பட்டது. பரிந்துரை என்பதை நாம் எப்போதும் ஒருவர் மற்றவருக்குச் செய்யும் உதவியாகவே எண்ணுகிறோம். இங்கே பரிந்துரைத்தவருக்குத் தம் உலைக்குள் நல்ல பாகங்கள் வர வேண்டும் என்ற தேவை இருந்தது. அதனால்தான் அந்தப் பரிந்துரை ஒருமுறையோடு நிற்காமல் தொடர்ந்து வருகிறது. சொல்லுபவருக்கும் பயன் இருக்கும் இடத்தில் பெயர் தானாகவே சொல்லப்படுகிறது என்பது இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் பட்ட செய்தி.

மூன்றாவது, எதிர்த்தெருவில் நீளமான லேத் வைத்திருக்கும் பணிமனை. ஒரு கொள்முதல் அலுவலர் கொண்டுவந்த தண்டு இவருடைய இயந்திரத்தின் நீளத்தைத் தாண்டியது. இத்தகைய வேலையை வாங்கிக்கொண்டு, வாடிக்கையாளருக்குச் சொல்லாமல் வேறொருவரிடம் செய்து வாங்கி, விலையில் கொஞ்சம் வைத்துக்கொள்வது வழக்கத்தில் உள்ளதுதான். இவர் எதிர்த்தெருக்காரரின் எண்ணைக் கொடுத்து, "என்னிடம் இது முடியாது சார், அவரிடம் கேளுங்கள்" என்று நேராகச் சொல்லிவிட்டார். இப்படி அனுப்பியவற்றுள் திரும்பி வராதவையும் உண்டு. எதிர்த்தெருக்காரர் ஒரு வாடிக்கையாளரை முழுவதுமாக வைத்துக்கொண்டதும் உண்டு. ஆயினும் அந்த அலுவலர் பின்னர் வேறொரு நிறுவனத்துக்கு மாறியபோது, புதிய இடத்தில் முதலில் அழைத்த எண்களில் இவருடையது ஒன்று. முடியாததை முடியாது என்றவர், முடியும் என்று சொன்னால் நம்பலாம் என்பதே அவர் என்னிடம் சொன்ன காரணம்.

இந்த மூவரில் இருவர் கன்னடக்காரர்கள், ஒருவர் மராத்தியர். உரிமையாளர் கன்னடம் சரளமாகப் பேசுவார், படிப்பதில் மட்டும் சற்றுத் தாமதம். பெங்களூரில் தொழில் செய்யும் தமிழர்கள் கன்னடத்தைக் கூலி பேசவும் வாடகை பேசவும் மட்டும் வைத்துக்கொள்ளாமல், உலையருகே உட்கார்ந்து எஃகைப் பற்றிப் பேசும் அளவுக்குப் பழகிக்கொள்வது எவ்வளவு பயன் தரும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

கண்காட்சிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஏதுமில்லை. தும்கூர் சாலையில் உள்ள சர்வதேசக் கண்காட்சி மையத்தில் நடக்கும் இம்டெக்ஸ் என்ற இயந்திரக் கருவிக் கண்காட்சிக்கு இவர் தவறாமல் போகிறார். 2024 நவம்பரில் மாதவாரா வரை மெட்ரோ நீண்ட பிறகு பீனியாவிலிருந்து அங்கே செல்வது எளிதாகிவிட்டது. தீராத ஒரு சிக்கலைக் குறித்துக்கொண்டு போய், இயந்திர நிறுவனங்களின் அப்ளிகேஷன் பொறியாளர்களிடம் அதைப் பற்றிக் கேட்பதே அவர் வழக்கம். அட்டை பரிமாறிய எவரும் அதனால் மட்டுமே வாடிக்கையாளராகவில்லை.

பிசகிய ஓர் அறிமுகம்

பம்ப் தயாரிப்பாளர் ஒருமுறை நல்ல பிளேட்டிங் பணிமனையைக் கேட்டபோது, உரிமையாளர் தாம் துத்தநாகப் பூச்சுக்கு அனுப்பும் இடத்தைச் சொன்னார். தயாரிப்பாளர் அங்கே ஹார்டு குரோம் என்ற வேறு வகைப் பூச்சு வேலையைக் கொடுத்தார். பூச்சு உரிந்தது, தவணையும் தவறியது. வேலையைச் செய்தது வேறொருவர், ஆர்டரும் நேரடியாகப் போனது. சட்டப்படி இவருக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. ஆனால் அறிமுகம் என்பது கையொப்பம் இல்லாத பிணை. உரிமையாளர் அன்றே நேரில் சென்று, பூச்சை அகற்றி வேறிடத்தில் மீண்டும் போடுவதற்கான செலவில் ஒரு பகுதியைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

இந்தச் செலவு தேவைதானா என்பதில் அவருடைய மனைவிக்கும் அவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஒருவர் செய்யும் பிழைக்கெல்லாம் பரிந்துரைத்தவர் பணம் கொடுக்கத் தொடங்கினால், நாளை எவரும் எவரையும் அறிமுகம் செய்ய மாட்டார்கள் என்பது மனைவியின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. என் கருத்தில் நேரில் போனதே போதுமானதாக இருந்திருக்கும். ஆனால் அதன் பிறகு உரிமையாளர் கைக்கொண்ட வழக்கம் ஐயத்துக்கு இடமில்லாமல் சரியானது. யாரையும் பரிந்துரைக்கும்போது தாம் அறிந்த எல்லையையும் சேர்த்தே சொல்கிறார்: "சின்னப் பாகத்துக்குத் துத்தநாகப் பூச்சு நன்றாகப் போடுவார், குரோம் பற்றி எனக்குத் தெரியாது."

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது டிராயிங் பற்றிய கவனம். பீனியாவைச் சுற்றி இயங்கும் வாட்ஸ்அப் குழுக்களில், "யாரால் முடியும், விலை சொல்லுங்கள்" என்ற வரியோடு முழு டிராயிங்கையும் படம் எடுத்துப் போடுவது சாதாரணமாகிவிட்டது. டிராயிங் வாடிக்கையாளரின் சொத்து. அதை அவர் அனுமதியின்றி நூற்றுக்கணக்கானோர் பார்க்கும் இடத்தில் போடுவது, பல நேரங்களில் வெண்டார் (வழங்குநர்) ஒப்பந்தத்தையே மீறும் செயல். இந்த உரிமையாளர் உலோகம், அளவின் எல்லை, எண்ணிக்கை, செயல்முறை ஆகியவற்றை மட்டும் எழுதிக் கேட்கிறார். டிராயிங்கை வாடிக்கையாளரின் சம்மதம் பெற்று ஒருவருக்கு மட்டும் அனுப்புகிறார். வேகம் குறைகிறது என்பது உண்மை. அந்த வேகத்துக்காக இழக்கத் தகாத ஒன்றை இழக்க வேண்டாம் என்பதே என் நிலையும்.

அறிமுகமும் பணவசூலும்

தெரிந்தவர் வழியாக வந்த வாடிக்கையாளரிடம் பாக்கியைக் கறாராகக் கேட்பது கடினம். நடுவில் இருப்பவரின் முகம் வாடிவிடுமோ என்ற தயக்கத்தில் 45 நாள் 90 நாளாகும், 90 நாள் அரையாண்டாகும். சிறுதொழில்களைத் தொடர்புகள் காப்பாற்றுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். இந்தத் தயக்கத்தால் அவை முடங்குவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

வாராந்திரக் குழுவில் கிடைத்த ஆடிட்டர் இங்கேதான் உதவினார். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டப்படி, குறு மற்றும் சிறு நிறுவனத்திடம் சரக்கோ சேவையோ பெற்றவர், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் கண்ட நாளுக்குள்ளும் எப்படியும் 45 நாட்களுக்கு மிகாமலும், ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்களுக்குள்ளும் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். 2017இல் தொடங்கிய சமாதான் இணையதளம் முறையிடவும் வழி செய்தது. இவையெல்லாம் இருந்தும், வாடிக்கையாளர் மீது முறையிட்டு உறவை முறித்துக்கொள்ளச் சிறு உரிமையாளர் எவரும் எளிதில் துணிவதில்லை. 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 2023-24 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த 43பி(எச்) பிரிவு இதை ஓரளவு மாற்றியது. இந்தக் கெடுவைத் தாண்டிய பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில் மட்டுமே வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும் என்றானதால், மார்ச் நெருங்கும்போது அவர்களுடைய ஆடிட்டர்களே நினைவூட்டத் தொடங்கினார்கள்.

உரிமையாளர் இப்போது ஒவ்வொரு பில்லிலும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவின் எண்ணை அச்சிடுகிறார். புதிய வாடிக்கையாளரிடம் முதல் ஆர்டரின்போதே பணக்கெடுவை எழுத்தில் பெற்றுக்கொள்கிறார். பிப்ரவரியில் எல்லோருக்கும் ஒரே வாசகத்தில் நிலுவைக் கடிதம் போகிறது. எல்லோருக்கும் ஒன்றாகப் போவதால் அறிமுகம் செய்தவருக்கும் சங்கடமில்லை.

இந்த நிகழ்வு காட்டாதவை

இவருக்குப் பயன்பட்ட வழி எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. தெருவின் பேச்சு பெரும்பாலும் மாலையில் தேநீர்க் கடை வாசலிலும், இரவு ஷிஃப்டில் உலையருகிலும் நடக்கிறது. அதே பகுதியில் மின்கம்பியால் உலோகத்தை அறுக்கும் வயர் கட் பணிமனை நடத்தும் ஒரு பெண் உரிமையாளரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். தொழில்நுட்பத்தில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்லர். அந்த இடங்களில் நின்று பேசும் வசதி மட்டும் தமக்கு இல்லை என்றார். அவருக்கு வேலை வந்தது அமைப்புகள் வழியாக. 1983இல் பெங்களூரில் தொடங்கிய பெண் தொழில்முனைவோர் சங்கமான அவேக், 1949 முதல் இயங்கும் கர்நாடகச் சிறுதொழில் சங்கமான காசியா, பொதுத்துறை நிறுவனங்கள் வந்து தம் தேவைகளை விளக்கும் வெண்டார் மேம்பாட்டு நிகழ்ச்சிகள் ஆகியவற்றை அவர் குறிப்பிட்டார். மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்தும், அதற்குள் 3 விழுக்காட்டைப் பெண்களின் நிறுவனங்களிடமிருந்தும் பெற வேண்டும் என்ற கொள்கை, அவருக்குக் கதவைத் தட்ட ஒரு காரணமாவது கொடுத்திருக்கிறது. தெருவே போதும், சங்கம் எதற்கு என்று கேட்பவர்கள் இவருடைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். மேடைப் பேச்சுக்கு அப்பால், தெருவில் நிற்க முடியாதவர்களுக்கும் தெருவின் செய்தியைக் கொண்டுசேர்ப்பது சங்கங்கள் செய்யக்கூடிய மிகப் பயனுள்ள வேலை.

இப்போதைய நிலை

பணிமனையின் பெரிய வாடிக்கையாளருடைய பங்கு இப்போது மொத்த வருமானத்தில் மூன்றில் ஒன்றைத் தாண்டவில்லை. தாண்டக் கூடாது என்று உரிமையாளரும் அவர் மனைவியும் முடிவு செய்திருக்கிறார்கள். வாராந்திரக் குழுவின் உறுப்பினர் தகுதியை அவர் புதுப்பிக்கவில்லை. ஆடிட்டரோடு உள்ள உறவு மட்டும் தொடர்கிறது. அதிகாலைக் கூட்டத்துக்குச் செலவிட்ட நேரத்தில் மாதம் இருமுறை ஹீட் ட்ரீட்மென்ட் பணிமனைக்கும் அளவுச் சோதனைக் கூடத்துக்கும் வேலை இல்லாத நாளிலும் போய்வருகிறார்.

தீராமல் நிற்பது ஒன்று உண்டு. இத்தனை உறவுகளும் உரிமையாளர் ஒருவரின் கைபேசியிலும் நினைவிலுமே இருக்கின்றன. காய்ச்சலில் அவர் ஒரு வாரம் படுத்திருந்தபோது வந்த இரண்டு விசாரணைகளுக்கு விடை சொல்ல ஆளில்லாமல் போயிற்று. அதன் பிறகு மேற்பார்வையாளரை உலைக்கும் சோதனைக் கூடத்துக்கும் தம்மோடு அழைத்துச் செல்லத் தொடங்கியிருக்கிறார். அவரைக் கூட்டிப் போனால் எல்லாத் தொடர்பையும் எடுத்துக்கொண்டு தனியே கடை போட்டுவிடுவார் என்று தெருவில் சிலர் எச்சரித்திருக்கிறார்கள். அப்படி நடக்க வாய்ப்பில்லை என்று உரிமையாளரும் சொல்லவில்லை. தாமும் அப்படித்தான் ஒரு டூல் ரூமிலிருந்து வந்தவர் என்பதால், தனியே போனாலும் எதிர்த்தெருக்காரரைப் போல ஒருவர் கூடுதலாகக் கிடைப்பார் என்று கருதுகிறார். பம்ப் தயாரிப்பாளரின் கொள்முதல் அலுவலர் கடந்த மாதம் முதல், அன்றாட விசாரணைகளுக்கு மேற்பார்வையாளரையே நேரடியாக அழைக்கிறார்.